களை வேற, கலர் வேற

குளிர் ஆரம்பிச்சாச்சு. இனிமே ஏப்ரல் வரைக்கும் டொராண்டோவில் இருக்கிற நம்ம ஆளுங்களுக்குக் கண்ணாடிதான் முதல் எதிரி. காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தா கன்னத்தில் சாம்பல் பூத்திருக்கும். மூக்கோரம் செதில் செதிலா உரிஞ்சிருக்கும். கண்ணுக்குக் கீழே ரெண்டு பை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்திருந்தாலும், ராத்திரி பூரா லாரி ஓட்டினவன் மூஞ்சி மாதிரி இருக்கும்.

போன ஜனவரியில் ஒரே வாரத்தில் மூணு பேர் என்னைக் கேட்டாங்க, "ரொம்ப டயர்டா தெரியறீங்களே, எல்லாம் ஓகேவா?"ன்னு. அதில் ஒருத்தர் என்கிட்ட வீட்டுக் கடன் கேட்டு வந்தவர்! நியாயமா நான் அவரைக் கேட்கவேண்டிய கேள்வி அது. பேங்கில் இருபது வருஷம் குப்பை கொட்டினவனுக்குத் தெரியும், ஒரே விஷயத்தை மூணு பேர் சொன்னா அது ஆடிட் அப்ஜெக்‌ஷன். பதில் எழுதியே ஆகணும். எழுதிட்டேன், இதோ.

நான் படிச்சது பி.காம். தோலைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க குடும்ப டாக்டர், ஃபார்மசிக்காரர், எங்க அம்மா, இந்த மூணு பேரும் சொன்னது. மிச்சம் நானே தேடிப் படிச்சது.

மூஞ்சி ஏன் மங்குது?

நம்ம தோலோட மேல் அடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செத்துப்போன செல்கள்தான் செங்கல். அதுக்கு நடுவில் இருக்கிற கொழுப்புதான் சிமெண்ட். இந்தச் சிமெண்ட் சரியா இருந்தா உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது, மேலே வழவழன்னு இருக்கும், வெளிச்சம் பட்டா மினுக்கும்.

குளிர்காலத்தில் என்ன ஆகுது? வெளியே மைனஸ் பதினைஞ்சு. அந்தக் காத்தில் ஈரமே கிடையாது. அதையே உள்ளே இழுத்து ஹீட்டர் சூடு பண்ணுது. வீட்டுக்குள்ளே ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்கிடும். சென்னையில் எழுபது சதவீதத்தில் ஊறிக் கிடந்த தோல் நம்மது. அப்புறம் குளிருக்கு இதமா இருக்குன்னு கொதிக்கக் கொதிக்கத் தண்ணியில் அரை மணி நேரம் நிக்கிறோம். சோப்பு வேற போடறோம். தோல் கொஞ்சம் புளிப்புப் பக்கம், பி.ஹெச். அஞ்சை ஒட்டி. சாதாரண சோப்போ காரம், ஒன்பது பத்து. சுடுதண்ணியும் சோப்பும் சேர்ந்து சிமெண்டைக் கரைச்சுடுது. செங்கல் ஓரம் எல்லாம் தூக்கிக்குது. மேல விழுற வெளிச்சம் கண்டபடி சிதறுது. வெள்ளைக்காரனுக்கும் இதே கதைதான், ஆனா அவன் தோலில் தெரியாது. நம்ம கறுப்பு, மாநிறத் தோலில் அதுவே சாம்பலாத் தெரியுது.

இன்னொண்ணு, வயசு. இருபதுகளில் அடியில் உருவாகிற செல் மேலே வந்து உதிர்றதுக்கு சுமாரா 28 நாள் ஆகும். வயசு ஏற ஏற அது 40 நாளையும் தாண்டும். பழைய சரக்கு ஷெல்ஃபிலேயே தேங்கற மாதிரி. நாற்பதுக்கு மேல மூஞ்சி மங்கலாத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

ஆக, மங்கின மூஞ்சின்னா பாதிக்கு மேல வறட்சி. மிச்சம் உதிராத பழைய செல், தூக்கம், வெயில். இதில் எங்கேயாவது "கறுப்பு"ங்கற வார்த்தை வந்துதா? வரலை. அதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

எங்க ஊர் திருகை

எங்க ஊர் நாராயணவனம். எங்கே இருக்குன்னு கேக்கறவங்களுக்கு, புத்தூர் பக்கம். (எலும்பு முறிஞ்சா கட்டு போடுவாங்களே, அதே புத்தூர்தான்.) நான் பொறந்தப்போ சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் பிரிச்சதில் திருப்பதி மாவட்டம் ஆயிடுச்சு. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனப்போ எங்க ஊர் ஆந்திராவிலேயே தங்கிடுச்சு. அதனால எங்களுக்கு வீட்டுக்குள்ள தமிழ், வாசல் தாண்டினா தெலுங்கு. என் பொண்ணு பாட்டியை "அவ்வா"ன்னுதான் கூப்பிடுவா.

ஊரோட பெருமை கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில். ஆகாச ராஜன் பொண்ணு பத்மாவதியை ஸ்ரீனிவாசர் கல்யாணம் பண்ணிக்கிட்டது இங்கேதான்னு தல வரலாறு. அந்தக் கல்யாணத்துக்குத்தான் குபேரன்கிட்ட கடன் வாங்கினார், இன்னிக்கு வரைக்கும் வட்டி கட்டிக்கிட்டிருக்கார். (லோன் டிபார்ட்மெண்ட்காரன் பொறக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஒரு தவணைகூடத் தவறாத பார்ட்டி!)

அந்தக் கோயில்ல ஒரு பெரிய கல் திருகை இருக்கு. பத்மாவதி கல்யாணத்துக்கு நலங்கு மாவு அரைச்ச திருகைன்னு சொல்வாங்க. நாங்க தெலுங்கில் "நலுகு பிண்டி"ன்னு சொல்றதும், தமிழ்நாட்டில் "நலங்கு மாவு"ங்கறதும் ஒண்ணுதான். சின்னப் பையனா இருந்தப்போ அதைப் பார்த்து, ஒரு கல்யாணப் பொண்ணுக்கு இவ்வளவு மாவா, இல்லை ஊருக்கே பூசினாங்களான்னு யோசிச்சிருக்கேன்.

எங்க அம்மா போடற அளவு இது: பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ஞ்ச ரோஜா இதழ் ஒவ்வொண்ணும் அம்பது கிராம், வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் இருபத்தஞ்சு கிராம். எல்லாத்தையும் நிழலில் காயவெச்சு மிஷினில் கொடுத்து நைசா அரைக்கணும். அரைச்சதும் மூட்டை கட்டாம ஆறவிட்டு சலிக்கணும். சலிக்காத மாவு மூஞ்சியைக் கீறும்.

இது என்ன பண்ணுது? சோப்பு அளவுக்குக் காரம் இல்லாம எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சுது. மெதுவாத் தேய்க்கும்போது தூக்கிக்கிட்டு நிக்கிற செதிலை உதிர்த்து விடுது. அவ்வளவுதான். வெளிச்சம் மறுபடி ஒழுங்காப் பட்டு மினுக்குது. மந்திரம் எதுவும் இல்லை, ஆனா உருப்படியான வேலை.

அம்மா மூணு வருஷம் முன்னாடி குளிர்காலத்துக்கு இங்க வந்தப்போ ரெண்டு கிலோ மாவு கொண்டுவந்தாங்க. (ஜிப்லாக் கவரில் மஞ்சள் பொடியைப் பார்த்ததும் கஸ்டம்ஸ் ஆபீசர் முகம் மாறினது தனிக் கதை. ஒழுங்கா டிக்ளேர் பண்ணியிருந்ததால் சிரிச்சுட்டு விட்டார்.) வந்த ஒரு மாசத்திலேயே அம்மா ஒண்ணு கண்டுபிடிச்சுட்டாங்க. "டேய், இந்த ஊர் காத்துக்குத் தினம் மாவு ஆகாதுடா. நம்ம ஊர்ல எண்ணெய் தேய்ச்சுட்டு மேல மாவு போடுவோம். இங்க எண்ணெய் இல்லாம மாவு போட்டா இருக்கிற பசையையும் அது உறிஞ்சிடுது. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்."

எந்தப் புஸ்தகமும் படிக்காம அம்மா சொன்னது இது. பிற்பாடு டாக்டரைக் கேட்டப்போ அவரும் கிட்டத்தட்ட இதையேதான் இங்கிலீஷில் சொன்னார்: உரிக்கிறதைக் குறைங்க, பூட்டுறதை அதிகம் பண்ணுங்க. அதாவது தோலில் இருக்கிற ஈரம் வெளியே போகாம மேல ஒண்ணு பூசி மூடணும்.

டப்பா கதை

இனி கொஞ்சம் சீரியஸ். இதை என் பொண்ணு அனுமதியோட எழுதறேன். "எழுதுங்கப்பா, யாருக்காவது யூஸ் ஆகும்"னு சொல்லிட்டா.

2023 ஆவணியில் சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். என் பொண்ணுக்கு அப்போ பதினைஞ்சு. அந்த சம்மர் பூரா இங்க வெயிலில் சாக்கர் ஆடியிருந்தா. மண்டபத்து வாசலில் ஆரம்பிச்சது. "என்னம்மா, ஃபாரின்ல இருந்துக்கிட்டு இப்படிக் கறுத்துட்டே?" பன்னீர் தெளிக்கிறவங்களில் இருந்து பந்தியில் சாம்பார் ஊத்தறவர் வரைக்கும் அதே கேள்வி. யாரும் கெட்ட எண்ணத்தில் கேக்கலை. அதுதான் கஷ்டமே. கெட்ட எண்ணத்தில் கேட்டா திருப்பிக் கொடுக்கலாம்.

கிளம்பற அன்னிக்கு ஒரு உறவுக்காரம்மா பாசமா ஒரு குட்டி டப்பாவை அவ கையில் திணிச்சிருக்காங்க. வெள்ளை டப்பா, லேபிள் கிடையாது. "ராத்திரி மட்டும் போடு கண்ணு, ரெண்டே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடுவே."

ரெண்டு வாரத்தில் பளிச்சுன்னு ஆயிடுச்சு! பருவெல்லாம் அடங்கி, மூஞ்சி வழவழன்னு. ஸ்கூலில் பிள்ளைங்க என்ன போடறேன்னு கேட்டிருக்காங்க. ஆறேழு வாரத்தில் டப்பா காலி. அப்புறம் நாலே நாள். கன்னம் ரெண்டும் செவந்து எரிய ஆரம்பிச்சுது. சின்னச் சின்னதாப் பரு பொங்கிக்கிட்டு வந்துது. அன்னிக்கு ராத்திரி அவளே தங்கமணிகிட்ட டப்பாவைக் கொண்டுவந்து காட்டி அழுதுட்டா.

டாக்டர் பார்த்துட்டு, "லேபிள் இல்லாம நான் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நிறுத்தினதும் இப்படிப் பொங்கறதைப் பார்த்தா ஸ்டீராய்டு கலந்த கிரீம் மாதிரி இருக்கு"ன்னார். ஸ்டீராய்டு கிரீம் நல்ல மருந்துதான், எக்ஸிமா மாதிரி நோய்க்கு டாக்டர் சொல்ற நாள் கணக்குக்கு. அதை மூஞ்சியில் அழகு கிரீமாப் போட்டா முதலில் எல்லாத்தையும் அமுக்கிடும். வெளுப்பாவும் காட்டும். பின்னாடி தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிச்சு, முடி முளைச்சு, நிறுத்தினா முன்னைவிட மோசமாத் திரும்பி வரும். திரும்பி வந்ததும் பயந்து மறுபடி அதையே போடுவாங்க. ரெவால்விங் கிரெடிட் மாதிரி, அசல் குறையவே குறையாது.

இந்தப் பிரச்சினை பெரிசாப் போனதால்தான் 2018இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பாதரசம். சில வெளுப்பு கிரீமில் அதைக் கலக்கறாங்க. அதே 2023இல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் இந்த மாதிரி கிரீம் போட்டவங்களுக்குச் சிறுநீரகம் பாதிச்ச சேதி வந்துது. தோலில் போட்டது கிட்னி வரைக்கும் போயிருக்கு.

என் பொண்ணுக்கு அடங்க மூணு மாசம் ஆச்சு. டாக்டர் கொடுத்த மருந்து, மைல்டான ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், வேற எதுவும் கிடையாது. அந்த மூணு மாசத்தில் அவ ஒரு போட்டோவுக்கும் நிக்கலை. சாக்கர் பிராக்டிஸுக்குத் தலையில் ஹூடை இழுத்து விட்டுக்கிட்டுப் போவா. அதைப் பார்த்த அப்பனுக்குத்தான் தெரியும்.

அந்த சமயத்தில் ஒருநாள் வீடியோ காலில் பாட்டியைக் கேட்டா: "அவ்வா, பத்மாவதிக்கு நலங்கு மாவு பூசினது வெள்ளையாக்கறதுக்கா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "ஏம்மா, அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையே கறுப்பு. அவருக்கும்தான் பூசினாங்க. வெளுத்தாரா என்ன? நலங்கு வெச்சா களை வரும். கலர் அவங்கவங்க கொண்டுவந்தது. களை வேற, கலர் வேற."

நம்ம பாஷையில் "முகக்களை"ன்னு தனியா ஒரு வார்த்தையே இருக்கு. களையான கறுப்புன்னு சொல்றோம், களையில்லாத சிவப்புன்னும் சொல்றோம். இந்த வித்தியாசம் நம்ம பாட்டிமாருக்குத் தெரிஞ்சிருந்தது. நடுவில் வந்த வியாபாரம்தான் ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வித்துது. ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975இல். அது பேரை மாத்திக்கிட்டது 2020இல். நாற்பத்தஞ்சு வருஷம்! நானும் நீங்களும் வளர்ந்த காலம் முழுக்க அதுக்குள்ள அடங்கிடுது. களைக்கு வழி தேடிப் போன புள்ளைங்க கையில் கலருக்கான டப்பா வந்து சேர்றது இப்படித்தான்.

எங்க வீட்டு ரொட்டீன்

இப்போ எங்க வீட்டில் நாலு பேருக்கும் ஒரே முறைதான். செலவு அதிகம் இல்லை. எல்லாமே சாதாரண மருந்துக்கடை சரக்கு.

1. குளியல்: வெதுவெதுப்பான தண்ணி, பத்து நிமிஷத்துக்குள்ள. சோப்பு அக்குள், கால் மாதிரி தேவையான இடத்துக்கு மட்டும். மூஞ்சிக்கு வாசனை இல்லாத மைல்டான ஃபேஸ்வாஷ், ராத்திரி ஒரு தடவை. காலையில் வெறும் தண்ணி போதும்.

2. துண்டால் ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்கு முன்னாடி, ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள மாய்ஸ்சரைசர். கிளிசரினோ செரமைடோ இருக்கிறதாப் பார்த்து வாங்குங்க. பளபளப்பில் பாதி இந்த ஒரு வேலையிலேயே வந்துடும். ரொம்ப வெடிச்ச கை, கால், உதட்டுக்கு அது மேல கொஞ்சம் வாசலின். குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீம்.

3. தேங்காய் எண்ணெய் கை காலுக்கு நல்லது. மூஞ்சியில் பரு வர்றவங்க அதை மூஞ்சிக்குப் போடவேண்டாம்.

4. வாரத்துக்கு ரெண்டு நாள் நலங்கு மாவு. தயிரில் குழைச்சு, காயவிடாம ரெண்டு நிமிஷத்தில் கழுவிடணும். காய்ஞ்ச மாவைச் சுரண்டி எடுக்காதீங்க. தயிரில் இருக்கிறது லாக்டிக் அமிலம். அதையே அளவாச் சேர்த்துக் கடையில் லோஷனாவும் விக்கிறாங்க. மாவு பிடிக்காதவங்க அதை வாரம் ரெண்டு ராத்திரி போடலாம். ரெண்டையும் ஒரே நாளில் வேண்டாம். பயறு அலர்ஜி உள்ளவங்களும் எக்ஸிமா உள்ளவங்களும் மாவு பக்கமே போகவேண்டாம்.

5. வெயில் காலத்தில் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாம. கறுப்புத் தோலுக்கு எதுக்குன்னு கேப்பீங்க. பருத் தழும்பும் திட்டும் நம்ம தோலில்தான் வெயில் பட்டு இன்னும் அழுத்தமாகி மாசக்கணக்கில் நிக்கும். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு போறவங்களும் போடணும். பனி, வெயிலைத் திருப்பி மூஞ்சியிலேயே அடிக்கும்.

6. படுக்கிற ரூமில் ஒரு ஹியூமிடிஃபையர். ஆனா ஜன்னல் கண்ணாடியில் தண்ணி வழியற அளவுக்கு வைக்காதீங்க, சுவரில் பூஞ்சை வரும்.

செய்யவே கூடாதது: எலுமிச்சம்பழத்தை மூஞ்சியில் தேய்க்கிறது (அதோட வெயிலில் போனா கொப்புளிச்சுக் கறுத்துப் போகும்), சமையல் சோடா, அப்புறம் லேபிள் இல்லாத எந்த டப்பாவும்.

பலன் தெரிய எவ்வளவு நாள்? வறட்சி ஒரே வாரத்தில் அடங்கும். மத்தது தோல் ஒரு சுத்து மாறணும் இல்லையா, ஆறு வாரமாவது பொறுங்க. ஒரு மாசத்துக்கு ஒரு தடவை கிரீம் மாத்தினா எதுக்குமே டைம் கொடுக்கலைன்னு அர்த்தம்.

மூஞ்சி சொல்ற வேற சேதி

இவ்வளவு பண்ணியும் மூஞ்சி வெளிறிக்கிட்டே போனா, கூடவே மூச்சு வாங்கினா, முடி கொட்டினா, எப்போ பார்த்தாலும் அசதியா, குளிரா இருந்தா, கிரீமை விட்டுட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் நம்ம பெண்கள் நிறையப் பேருக்கு இருக்கு. எந்த மாவாலேயும் அதைச் சரிபண்ண முடியாது.

பிள்ளைங்க கழுத்துப் பின்னாடி வெல்வெட் மாதிரித் தடிச்ச கறுப்பு இருந்தா, "ஒழுங்காத் தேய்ச்சுக் குளி"ன்னு திட்டாதீங்க. அது அழுக்கு இல்லை. பெரும்பாலும் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக் கட்டுப்படலைங்கறதுக்கு அடையாளம். சர்க்கரை வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே தோல் கொடுக்கிற நோட்டீஸ். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ச்சா நோட்டீஸைக் கிழிச்சுப் போட்ட மாதிரிதான். டாக்டர்கிட்டக் காட்டினா இப்பவே சரிபண்ணிக்க வழி இருக்கு.

வர்ற தை மாசம் நிறையப் பேர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவீங்க. டிக்கெட் எல்லாம் போட்டிருப்பீங்க. மண்டப வாசலில் உங்க பொண்ணைப் பார்த்து யாராவது கட்டாயம் கேப்பாங்க, "என்ன கறுத்துட்டே?"ன்னு. அப்போ அசட்டுச் சிரிப்புச் சிரிச்சுக்கிட்டு நகராதீங்க. "ஆமாம் அத்தை, வெயில்ல நல்லா விளையாடினா, கோல்கூடப் போட்டா"ன்னு அவ காதில் விழற மாதிரிச் சொல்லுங்க. போன வருஷம் இன்னொரு கல்யாணத்தில் தங்கமணி அப்படித்தான் சொன்னா. கேட்ட அத்தை ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, "எத்தனை கோலு?"ன்னு கேட்டாங்க. பொண்ணு பக்கத்தில் உக்காந்து பத்து நிமிஷம் கதை சொன்னா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பேங்க்காரன். ஏற்கெனவே அந்த மாதிரி டப்பா கிரீம் போட்டுக்கிட்டிருக்கிறவங்க இதைப் படிச்சுட்டுத் தானாகவே தடாலடியா எதுவும் செய்யவேண்டாம். டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. எப்படி நிறுத்தறதுன்னு அவர் சொல்வார்.